வாழவந்தி என்றொரு அயல்நாடு

அந்த அறையில் அன்று நான்கு பேர் இருந்தோம். நான், அப்பா, அம்மாவின் தம்பியான முருகேசன் மாமா, செம்மேட்டில் இ-சேவை மையம் நடத்தும் கவிதா அக்கா.

இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அம்மா. மிளகு பறிப்புக் காலம். பழுத்த சரத்தை ஒரு நாள் விட்டாலும் மணி உதிர்ந்துவிடும் என்று தோட்டத்திலேயே நின்றுவிட்டாள். இன்னொருவரின் பெயர் எனக்குத் தெரியாது. மலைக்குக் கீழே பிறந்த யாராவது ஒருவர். நாமக்கல்லோ, ஈரோடோ, மதுரையோ, எந்த ஊராக இருந்தாலும் சரி. அப்படி ஒரே ஒருவர், செராக்ஸ் எடுக்கவாவது, அந்த நேரத்தில் உள்ளே வந்திருந்தால் இந்த வாரப் பத்தியில் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். காலையிலிருந்து கரண்ட் இல்லை. மத்தியானத்துக்கு மேல் வந்தது. வந்ததும் அச்சு இயந்திரம் தானாகவே ஒரு வெற்றுத் தாளைத் துப்பியது. மாமா அதை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கென்று கேட்டதற்கு, "சூடா இருக்குது, நல்ல சகுனம்" என்றார்.

கவிதா அக்கா கேட்கக் கேட்க நாங்கள் சொல்ல வேண்டும். அவர் தட்டச்சு செய்வார்.

"பேரு?"

"பூபதிங்க."

"அப்பா பேரு?"

கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது. ஆனால் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்று, கோர்ட்டில் சொல்வது போலத் தன் பெயரைச் சொன்னார்.

"உக்காருங்க சித்தப்பா. கம்ப்யூட்டருக்கு நீங்க நிக்கறது தெரியாது" என்றார் கவிதா அக்கா. "மாவட்டம் நாமக்கல். அடுத்து... நாடு?"

"வாழவந்தி!"

நான், அப்பா, மாமா மூவரும் ஒரே குரலில் சொன்னோம். கவிதா அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் அதையே அடித்தார். அவர் திண்ணனூர் நாட்டுக்காரர்.

எங்கள் மலைக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன். கொல்லிமலையில் மொத்தம் பதினான்கு நாடு. நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த ஒரு கூட்டம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் முதலில் பெயர் கேட்பார், அடுத்து நாடு கேட்பார். திருவிழா நாட்டுக்கு நாடு, பஞ்சாயத்து நாட்டுக்கு நாடு, ரேஷன் கார்டு முகவரியிலும் நாடு. அந்தக் கட்டத்தில் 'இந்தியா' என்று வர வேண்டும் என்பது எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் இந்தியாவில் இருப்பது எங்களுக்குத் தெரியும். அதை எங்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் பச்சை எழுத்து வந்தது. மாமா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

எட்டு நாளும் ஒரு பொழுதும்

போன வாரம் படித்துவிட்டு ஒரு வாசகத் தம்பி கேட்டிருந்தான்: "அண்ணே, விமானி ஆவதற்கு அத்தனை லட்சம் ஆகும் என்கிறார்களே, உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" அதற்குத்தான் இந்தக் கதை.

வணிக விமானி உரிமம் வாங்க இருநூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. பறக்கும் கட்டணம், தேர்வுக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, விடுதி, சீருடை எல்லாம் சேர்த்து அரைக் கோடியைத் தாண்டியது. அந்த எண்ணை நான் வீட்டில் சொன்னபோது அப்பா, "அரைக் கோடின்னா அதுல எத்தன லட்சம் கண்ணு?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். முதல் தடவை சொன்னதைவிடக் குறைந்திருக்குமோ என்று பார்த்தாராம்.

மாமா மட்டும் அசரவில்லை. அவர் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர். மலையிலிருந்து அன்னாசி, பலா, மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவார். எதையும் வாடகைக் கணக்காகத்தான் பார்ப்பார்.

"இருநூறு மணி நேரம்னா எத்தன நாளு? இருவத்தி நாலால வகு. எட்டு நாளு, மிச்சம் எட்டு மணி. எட்டு நாளு சொச்சத்துக்கு அரைக் கோடியா? அந்தக் காசுக்கு நான் என் வண்டிய நெலாவுக்கே ஓட்டுவேன்."

"தொடர்ந்து ஓட்ட மாட்டாங்க மாமா. ஒரு நாளைக்கு ஒரு மணி, ரெண்டு மணிதான்."

"அப்ப மீதி நேரம் வண்டி சும்மா நிக்குமா?"

"நிக்கும்."

"அதுக்கும் சேத்துத்தான் வாங்கறானுங்க" என்று முடிவு சொல்லிவிட்டார்.

வங்கிக்கும் போனோம். மேலாளர் நல்ல மனிதர், காபி வரவழைத்தார். ஆனால் அந்தத் தொகைக்கு ஈடாக எங்கள் ஒன்றரை ஏக்கர் மலை நிலம் போதாது என்றார். அது எங்களுக்கே தெரியும். நிலம், மிளகுக் கொடி, கொடி ஏறிய மரம், வீடு, மாடு எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் இன்னொரு தட்டில் விமானத்தின் ஒரு சக்கரம்தான் வைக்க முடியும்.

அப்போதுதான் அந்த அறக்கட்டளையின் அறிவிப்பைப் பார்த்தேன். குடும்பத்தில் முதன்முதலாகப் படித்த பிள்ளைகளுக்கு, விமானப் பயிற்சிக்கு முழு உதவித்தொகை.

உதவித்தொகை என்றால் அப்பாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தபோது வருடத்துக்கு ஒரு தடவை வரும் சில நூறு ரூபாய். அதில் ஒரு ஜோடி செருப்பு வாங்குவோம். "அதே தொகைதான், கொஞ்சம் கூடச் சேத்துத் தருவாங்களாட்டருக்குது" என்று அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தார். "அப்ப ரெண்டு ஜோடி செருப்பு" என்றாள் அம்மா.

கோ-கோவில் தோற்றவன்

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். சொன்னால் சிரிப்பீர்கள்.

பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கும்போது கோ-கோ ஆடச் சென்னை போனோம். மைதானத்துக்கு அருகில் விமான நிலையம். நான் கடைசியாக மிஞ்சிய ஓட்டக்காரன். இன்னும் அரை நிமிடம் பிடிபடாமல் ஓடினால் நாங்கள் அடுத்த சுற்றுக்குப் போய்விடுவோம். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் தலைக்கு மேல், அடிவயிறு தெரிய, சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கியது.

நான் நின்றுவிட்டேன். வாயைத் திறந்துகொண்டு நின்றேன். என்னைத் துரத்தி வந்தவன் முதுகில் ஓங்கி அடித்த அடியில் மண்ணில் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்தும் அதையேதான் பார்த்தேன்.

ரயிலில் திரும்பி வரும்போது எங்கள் அணியில் ஒருவனும் என்னோடு பேசவில்லை. இரண்டு பேர் என் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். எனக்குப் பசியும் இல்லை, வருத்தமும் இல்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சக்கரம் எப்போது உள்ளே போகும், எப்போது வெளியே வரும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். மாநிலப் போட்டி போனது. எனக்கு ஒரு பைத்தியம் கிடைத்தது.

தூதரகத்துக்குப் போகும் வழி

பத்து நாள் கழித்து அறக்கட்டளையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அம்மா காலால் துழாவிக்கொண்டிருந்தாள். அப்பா சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். நான் சத்தமாகப் படித்தேன்.

"அன்புடையீர், தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இத்திட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே. தங்கள் நாடான வாழவந்தியின் குடிமக்கள், கல்வி உதவி குறித்து அங்குள்ள இந்தியத் தூதரகத்தை அணுகலாம்."

நான் மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் எனக்கே புரிந்தது.

"தூதரகம்னா என்ன சாமி?" என்றார் அப்பா.

"வெளிநாட்டுல நம்ம கவர்மெண்டு வெச்சிருக்கற ஆபீசுப்பா."

அப்பா ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு யோசித்தார். "அது சேந்தமங்கலத்துல இருக்குமா? இல்ல, நாமக்கல்லுக்குத்தான் போவோணுமா?"

அம்மாவுக்கு விஷயத்தை விளக்கினேன். அவள் குண்டனி நாட்டில் பிறந்தவள். முதலில் புன்னகைத்தாள், பிறகு வாய்விட்டுச் சிரித்தாள், அப்புறம் மிளகு மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான் வெளிநாட்டு மாப்பிள்ளையையா கட்டிக்கிட்டு வந்திருக்கேன்? எங்கூட்டுல யாரும் சொல்லவே இல்லீங்களே! பாஸ்போட்டு இல்லாம இத்தன வருசமா உங்கூட்டுல சோறு ஆக்கிட்டிருக்கறேன்!"

"நீ சும்மா இரு" என்றார் அப்பா. அவர் சிரிக்கவில்லை.

அவர் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. பயிற்சிப் பள்ளியில் முதல் தவணை கட்ட இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி. கட்டாவிட்டால் என் இடம் காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவனுக்குப் போய்விடும். உதவித்தொகை இல்லையென்றால் கட்ட வழியில்லை. ஒரே ஒரு சொல்லால் அது போகப் போகிறது.

போனில் கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் மட்டும். ஒரு பெண் எடுத்தார்.

"எங்கேர்ந்து பேசறீங்க சார்?"

"வாழவந்தியிலிருந்துங்க."

"ஓ! வெளிநாட்டு அழைப்பா? சொல்லுங்க சார், கட் ஆயிடப் போகுது. தமிழ் ரொம்ப நல்லாப் பேசறீங்க."

"மேடம், வாழவந்தி நாமக்கல் மாவட்டத்துல இருக்குதுங்க."

 பக்கத்தில் கோழி கத்தியது. நான் பதினான்கு நாட்டையும் மூச்சு விடாமல் விளக்கினேன். முடிக்கும்போது அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது கேட்டது. யாரையோ கூப்பிட்டு, "உலக வரைபடத்துல தேடிட்டிருந்தோமே, அது கொல்லிமலைல இருக்குதாம்!" என்றார்.

நேர்காணல் சேலத்தில் நடந்துகொண்டிருந்தது. மறுநாள்தான் கடைசி. "பிறப்பிடச் சான்றோட வாங்க. அப்பாவையோ அம்மாவையோ கூட்டிட்டு வாங்க. உங்க பேரைக் கடைசில சேர்க்கறேன். நாலு மணிக்குள்ள வந்துடணும் சார், அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

பிறப்பிடச் சான்று முன்பே வாங்கி வைத்திருந்தேன். கவிதா அக்கா அதைத் தேடி எடுத்து இரண்டு பிரதி அச்சடித்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "உங்கள நாடு கடத்துனதே நான்தான். காசு வேற வாங்கோணுமா?"

இந்தியாங்க

மறுநாள் மாமாவின் பிக்கப்பில் கிளம்பினோம். பின்னால் பலாப்பழ லோடு. அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அம்மா ராத்திரியே அதற்குக் கஞ்சி போட்டு வைத்திருந்ததால் அவர் கையை மடக்கும்போதெல்லாம் அட்டை மடிப்பது போலச் சத்தம் வந்தது. வழியெல்லாம் பலாப்பழ வாசனை. வளைவுகளில் பழங்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உருள்வது கேட்கும். இறக்கம் முடிந்தபோது பிரேக் கட்டை காய்ந்து ஒரு நெடி. அதோடு பலா வாசனையும் சேர்ந்து எனக்கு வயிற்றைப் புரட்டியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பைலட் ஆகப் போகிறவன் சொல்லக்கூடிய விஷயமா அது?

அப்பா வழியெல்லாம் உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். முந்தின நாளிலிருந்து அவர் மனப்பாடம் செய்தது ஒரே ஒரு பதில். யார் எப்போது நாடு கேட்டாலும் தவறிவிடக் கூடாது.

அடிவாரச் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். நல்ல மனிதர், மலைக்காரர்களிடம் பழகியவர். ஜன்னலில் குனிந்து, சிநேகமாகத்தான் கேட்டார்.

"பெரியவரு எந்த நாடுங்க?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டை மொடமொடத்தது.

"இந்தியாங்க."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "அப்படிங்களா? நான்கூட ஜப்பான்காரரோன்னு நெனச்சேன். வண்டிய ஓரங்கட்டு."

"ஐயோ மச்சான்!" என்று மாமா தலையில் கை வைத்தார்.

போலீஸ்காரர் பலாப்பழத்தை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். மாமாவின் உரிமம், வண்டிப் பதிவு, காப்பீடு, புகைச் சான்று எல்லாவற்றையும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். நான் இறங்கிப் போய் மின்னஞ்சலைக் காட்டி, நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் படித்தார். மீசை துடித்தது. அப்பாவிடம் போய், "ஏனுங்க, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார்.

"சொன்னேனுங்களே. இந்தியான்னு."

போலீஸ்காரர் குறுக்குக் கம்பை அவரே தூக்கிவிட்டார். "பைலட்டு தம்பி, சீக்கிரம் போங்க. உங்கப்பாவ யாரும் எதுவும் கேக்காமப் பாத்துக்குங்க." ஆனால் முக்கால் மணி நேரம் போயிருந்தது.

அதன் பிறகு மாமா ஓட்டியதை வண்டி ஓட்டியது என்று சொல்ல முடியாது. என் வாழ்க்கையில் முதல் விமானப் பயணம் அதுதான் என்பேன். சந்தையில் பழத்தை இறக்கக்கூட நேரமில்லை. நேர்காணல் நடந்த ஓட்டல் வாசலுக்கு, காருக்கும் காருக்கும் நடுவே, முழு லோடு பலாப்பழத்தோடு போய் நின்றோம். மணி நாலாக ஏழு நிமிடம்.

ஒரு மணி நேரம் எவ்வளவுங்க?

ஏசி குளிரில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அறக்கட்டளைத் தலைவர், ஒரு அம்மையார். வலது பக்கம் ஓய்வு பெற்ற விமானி. எல்லோரும் அவரைக் கேப்டன் என்றார்கள். இடது பக்கம் கண்ணாடி போட்ட ஒருவர், அவர் எதுவும் பேசாமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

"வாங்க, வெளிநாட்டுக்காரரே" என்றார் கேப்டன்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பாதி பயம் போய்விட்டது. கணக்கு கேட்டார், இயற்பியல் கேட்டார், காற்று எதிரே அடித்தால் என்ன, பின்னால் அடித்தால் என்ன என்று கேட்டார். சொன்னேன். பிறகு, "மேகக் கூரைன்னா என்னன்னு தெரியுமா?" என்றார்.

"தெரியுங்க சார். தரையிலிருந்து மேகத்தோட அடிப்பாகம் எவ்வளவு ஒசரத்துல இருக்குதுங்கறது. ஆனா..."

"ஆனா?"

"இங்க கீழ இருக்கறவங்களுக்குத்தாங்க அது கூரை. எங்கூட்டுக்கு அது வாசல்."

கேப்டன் மேசையைத் தட்டினார். எழுதிக்கொண்டிருந்தவர்கூட ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்து அம்மையார் அப்பாவைப் பார்த்தார். நான் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, பையன் தகுதியானவர். அதுல எங்களுக்குச் சந்தேகம் இல்ல. ஆனா எங்க விதி ஒண்ணு இருக்கு. முழுச் செலவையும் நாங்களே ஏத்துக்க மாட்டோம். குடும்பத்துக்கும் ஒரு பங்கு இருக்கணும். எவ்வளவுன்னு நீங்களே சொல்லலாம். நூறு ரூபாயா இருந்தாலும் சரிதான். ஆனா சொன்னதைக் கட்டணும்."

அறிவிப்பில் 'முழு உதவித்தொகை' என்று பெரிய எழுத்தில் இருந்ததை மட்டும்தான் நான் படித்திருந்தேன். அதற்குக் கீழே சின்ன எழுத்து இருந்திருக்கிறது. நூறு ரூபாய் என்று சொல்லிவிடுங்கள் அப்பா, என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் பெரிதாக ஏதாவது சொல்லிவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கடன். சிறிதாகச் சொல்வது அவர் குணம் இல்லை. சந்தையில் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தால் திருப்பி போண்டாவோடு டீ வாங்கிக் கொடுக்கிறவர்.

அப்பா எழுந்து நின்றார்.

"ஏனுங்கம்மா, இந்த வண்டி ஒரு மணி நேரம் ஓட எவ்வளவு ஆகுமுங்க?"

"விமானமா?" அம்மையார் கேப்டனைப் பார்த்தார்.

"சின்ன பயிற்சி விமானம்" என்றார் கேப்டன். "ஒரு மணிக்குப் பதினஞ்சாயிரம்னு வெச்சுக்கோங்க."

அப்பா விரலை மடக்கினார். அவர் ரூபாயில் எண்ணவில்லை, மிளகில் எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு கையில் ஐந்து விரலும் மடங்கின. இன்னொரு கையில் ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்.

"மொத்தம் இருநூறு மணிங்களா?"

"ஆமா ஐயா."

"அப்ப ஒரு மணி நேரம் நாங்க பாத்துக்கறமுங்க. மீதி நூத்தித் தொண்ணூத்தொம்பத நீங்க பாத்துக்குங்க."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.  பிறகு அம்மையார் கேட்டார், மெதுவாக: "எந்த ஒரு மணி நேரம் ஐயா?"

"மொத மணிங்க. மொதல்ல எங்க காசுல ஏறட்டும். பொறவு உங்க காசுல பறக்கட்டும்."

கேப்டன் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கஞ்சி போட்ட சட்டை அந்தக் குலுக்கலில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை சத்தம் போட்டது.

வாசலில் மாமா அதற்குள் ஓட்டல் சமையல்காரரிடம் பேசிப் பாதி லோடு பலாப்பழத்தை விற்றிருந்தார்.

ரிவர்ஸ்

திரும்பி மலையேறிக்கொண்டிருந்தபோது, பொழுது சாயும் நேரத்தில் போன் அடித்தது. அதே பெண் குரல்.

"வாழவந்தி சார்! உங்களுக்கு..."

வண்டி வளைவில் திரும்பியது. சிக்னல் போய்விட்டது.

"உங்களுக்கு என்னவாம்?" என்றார் மாமா.

"தெரியல மாமா! கட் ஆயிடுச்சு!"

மாமா பிரேக்கை மிதித்தார். ஜன்னலில் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார். "பிடிச்சுக்குங்க மச்சான்" என்றார். ஏறி வந்த கொண்டை ஊசி வளைவில் வண்டி பின்பக்கமாக இறங்கத் தொடங்கியது. மேலிருந்து வந்த பஸ் டிரைவர் எங்களைத் திட்டினார். கீழிருந்து பைக்கில் வந்தவர் தன் பரம்பரையே கேட்டிராத வார்த்தைகளையெல்லாம் பயன்படுத்தினார். அப்பா ஜன்னல் வழியாக இருவரையும் கும்பிட்டுக்கொண்டே வந்தார். இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம். இன்று நான் உரிமம் பெற்ற விமானி. சட்டப்படி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

ஒரு கோடு சிக்னல் வந்தது. போன் மறுபடி அடித்தது.

"...கிடைச்சிடுச்சு சார்! ஒரு மணி நேரம் தவிர எல்லாமே கிடைச்சிடுச்சு! முதல் தவணையை நாளைக்கே பள்ளிக்கு அனுப்பறோம்."

நான் கத்தினேன். மாமா ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. அப்பா வண்டியை விட்டு இறங்கினார். பின்னால் ஏறி ஒரு பலாப்பழத்தை எடுத்து, எங்களைத் திட்டியபடி வந்து நின்ற அந்த பைக் ஆளின் மடியில் வைத்தார். அவர் திட்டுவதை நிறுத்திவிட்டு, "என்னங்க விசேசம்?" என்றார்.

மொத மணி

அந்த வருட மிளகில் இருபத்தைந்து கிலோ தனியாக எடுத்து வைக்கப்பட்டது. அது விற்ற பணத்தை அப்பா நேரில் வந்து, சேலத்துப் பக்கம் இருந்த பயிற்சிப் பள்ளியில் கட்டினார். ரசீது எழுதுகிறவர் "எதற்காக?" என்று கேட்டதற்கு, "மொத மணிக்கு" என்றார்.

இரண்டு பேர் உட்காரும் விமானம். உள்ளே பெட்ரோல் வாசனை, வெயிலில் காய்ந்த ரெக்சின் வாசனை. பயிற்றுநர் ஓடுபாதையில் வேகம் எடுத்தார். சக்கரத்தின் தடதடப்பு சட்டென்று நின்றது. அவ்வளவுதான், நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. காதுக் கருவியில் என் சிரிப்பு எனக்கே கேட்டது.

"என்னப்பா ஆச்சு?" என்றார் பயிற்றுநர்.

"ஒண்ணுமில்லீங்க சார். கீழ ஒருத்தன் ஆடு மேய்க்கறான்."

"அதுல என்ன சிரிப்பு?"

"தெரியலீங்க சார்."

அவரும் சிரித்துவிட்டார். கைப்பிடியை என்னிடம் கொடுத்தார். இடது பக்கம் சாய்த்தேன், உலகமும் இடது பக்கமே எழுந்து வந்தது. வலது பக்கம் சாய்த்தேன். வாந்தி வரவில்லை. மலைப் பாதையின் எழுபது வளைவிலும் புரளும் வயிறு அங்கே சமத்தாக உட்கார்ந்திருந்தது.

தெற்கே மலை தெரிந்தது. உங்கள் ஊர் அதுதானே என்று கேட்டு அவரே அந்தப் பக்கம் திருப்பினார். அன்று மலைப் பக்கம் வந்தாலும் வருவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அப்பா வாழவந்தி முழுக்கச் சொல்லியிருந்தார். ஆனால் போய்ப் பார்த்தால் மலையே இல்லை. அடியில் பச்சை விளிம்பு, மேலே ஒரே வெள்ளை. கடைந்த மோர் நுரை போல மேகம் மூடிக் கிடந்தது. அதற்குள் எங்கோ எங்கள் வீடு.

"திரும்பணும்பா. நேரம் முடிஞ்சிடும்" என்றார்.

"சார், ஒரே ஒரு சுத்து."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேகத்துக்கு வெகு மேலே, பாதுகாப்பான உயரத்தில், பெரிதாக ஒரு வட்டம் போட்டோம். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. ஒரு கூரை, ஒரு மரம், ஒரு கோழி, எதுவும் இல்லை.

சாயங்காலம் போன் செய்தேன். அம்மாதான் எடுத்தாள்.

"எதுவுமே தெரியலம்மா. முழுக்க மேகம்."

"எங்களுக்கும் தெரியல கண்ணு. ஆனா சத்தம் கேட்டுச்சு. நாங்க அத்தன பேரும் களத்துல நின்னு, சத்தம் போற பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிப் பாத்தோம். உங்கப்பா கை காட்டிக்கிட்டே சுத்தி வந்தாரு. இப்பத் தலை சுத்துதுன்னு படுத்திருக்கறாரு."

விமானம் மொத்தம் ஒரு மணி ஆறு நிமிடம் ஓடியிருந்தது. அதிகமான ஆறு நிமிடத்தைத் தாங்களே ஏற்றுக்கொள்வதாக அறக்கட்டளையிலிருந்து சொன்னார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கூட்டு மேல சுத்துனதுக்கு நாங்கதாங்க குடுக்கோணும்" என்று சொல்லி, அடுத்த சந்தையன்று இன்னும் இரண்டரைக் கிலோ மிளகு விற்றார்.

ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்தாயிரம். ஆறு நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு. நான் விமானி ஆவதற்கு எங்கள் வீட்டுக்கு ஆன செலவு பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.